ஒரே பட்டியல், ஒவ்வோர் இயக்கியிலும் ஒரு பதில்

கணினித் துறையில் படிக்கும் நம் மாணவர்கள் பலருக்கு ஜாவா மொழி தெரியும். தரவுத்தளம் பற்றியும் தெரியும். இரண்டையும் இணைத்து ஒரு செயலி செய்யச் சொன்னால் சில வாரங்களில் செய்து காட்டிவிடுவார்கள். பெயர், வயது, தொலைபேசி எண் போன்றவற்றைச் சேமிப்பதில் சிக்கல் வருவதில்லை. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருக்கும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஒரு மாணவருக்கு மூன்று பாடங்கள், ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு பிள்ளைக்கு நான்கு ஒவ்வாமைகள். இப்படிப்பட்ட பட்டியலை ஒரே கட்டத்தில் போட்டு வைப்பதை அணி என்கிறோம். வகுப்பறையில் ‘அரே’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

அணியைத் தரவுத்தளத்தில் போடுவதும் அங்கிருந்து எடுப்பதும் பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால், எந்தத் தரவுத்தளம், எந்த இயக்கி என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. இயக்கி, அதாவது ‘டிரைவர்’, என்பது ஜாவா நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று இருபக்கமும் பேசும் மென்பொருள். ஒரு கூட்டத்தில் நான்கு மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்து ஒரே பேச்சை மொழிபெயர்க்கச் சொன்னால், நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள் அல்லவா? அதுதான் இங்கும் நடக்கிறது.

மென்பொருள் துறையில் வேலை செய்துகொண்டே, வார இறுதிகளில் மாணவர்களின் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டி வருபவன் நான். இந்த அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து ஒன்று உண்டு. இயக்கிகளுக்கு இடையிலான இந்த வேறுபாட்டைச் சில்லறை விவரம் என்று ஒதுக்கக்கூடாது. ஒரு மென்பொருள் நம்பத் தகுந்ததா இல்லையா என்பதை முடிவு செய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. இதை நம் மாணவர்கள் வேலைக்குப் போன பிறகு தட்டுத்தடுமாறிக் கற்பதைவிட, படிக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது.

வாக்குறுதி ஒன்று, நிறைவேற்றம் வேறு

ஜாவாவில் தரவுத்தளங்களோடு பேசுவதற்கான பொது விதிமுறைக்கு ஜேடிபிசி என்று பெயர். 1997ஆம் ஆண்டில் ஜாவா 1.1 பதிப்போடு அது வந்தது. “எந்தத் தரவுத்தளமாக இருந்தாலும் ஒரே மாதிரி நிரல் எழுதலாம்” என்பதே அதன் நோக்கம். அடுத்து வந்த ஜேடிபிசி 2.0 பதிப்பில் அணிகளுக்கென்றே ஒரு தனி வகை சேர்க்கப்பட்டது. எஸ்க்யூஎல் மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையும் அணியை ஏற்றுக்கொண்டது. 2006 டிசம்பரில் வெளியான ஜாவா 6, ‘கிரியேட் அரே ஆஃப்’ என்ற வழிமுறையைக் கொண்டு வந்தது. ஜாவாவில் உள்ள பட்டியலைத் தரவுத்தள அணியாக மாற்றித் தரும்படி இயக்கியிடம் கேட்பதற்கான பொதுவழி அது.

தரநிலை இருக்கிறது, பொதுவழியும் இருக்கிறது. பிறகு என்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். பொதுவழியை ஒவ்வோர் இயக்கியும் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அணி என்பது வீட்டுப் பிள்ளை. முழு எண்களின் அணி, எழுத்துகளின் அணி, தேதிகளின் அணி என்று எதை வேண்டுமானாலும் ஒரு நெடுவரிசையின் வகையாக அறிவிக்கலாம். அதன் இயக்கியும் ‘கிரியேட் அரே ஆஃப்’ வழிமுறையை ஏற்றுக்கொள்கிறது.

ஆரக்கிளிலும் பட்டியல் வகைகள் உண்டு. ஆனால், அங்கே பெயரில்லாத அணிக்கு இடமில்லை. முதலில் தரவுத்தளத்தில் ஒரு வகையை உருவாக்கி, அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அதன் பிறகு, ஆரக்கிள் இயக்கிக்கே உரிய வேறொரு வழிமுறையில் அந்தப் பெயரைச் சொல்லி அணியை உருவாக்க வேண்டும். பொதுவழியான ‘கிரியேட் அரே ஆஃப்’ வழிமுறையை அழைத்தால், அந்த வசதி இல்லை என்று பிழை வரும்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் அணி வகையே கிடையாது. அங்கே பலரும் ஜேசன் வகையைப் பயன்படுத்துகிறார்கள். அது 5.7 பதிப்பு வரிசையில் 2015ஆம் ஆண்டு வந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரிலும் நெடுவரிசைக்கான அணி வகை இல்லை. ஒரு பட்டியலை மொத்தமாக அனுப்ப வேண்டுமானால், 2008 பதிப்பில் வந்த அட்டவணை வகை அளவுருவைப் பயன்படுத்தலாம்.

ஆக, ஒரே பட்டியல் நான்கு தரவுத்தளங்களில் நான்கு உருவம் எடுக்கிறது. மாணவர் ஒருவர் கல்லூரியில் போஸ்ட்கிரெஸில் எழுதிப் பழகிய வரியை, வேலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஆரக்கிளில் எழுதினால் அது ஓடாது. அவரிடம் குறை இல்லை. “ஜேடிபிசி எல்லாவற்றுக்கும் பொது” என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, மீதியைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

சத்தமில்லாத தவறு

பிழைச் செய்தி வந்தால் நல்லது என்பேன். ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும், திருத்தலாம். எனக்குப் பயம் தருவது, பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான விடை தரும் நிரல்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பள்ளி விடுமுறையில் நடக்கும் ஒரு சிறுவர் முகாமுக்குப் பதிவுச் செயலி எழுதுகிறீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த உணவு ஒவ்வாது என்பதை எண்களாகச் சேமிக்கிறீர்கள். 3 என்றால் முட்டை, 5 என்றால் நிலக்கடலை, 8 என்றால் இறால். சமையற்கூடத்துக்கு அனுப்பும் பட்டியலில், “இந்தப் பிள்ளையின் அணியில் 5 இருக்கிறதா?” என்று நிரல் கேட்கிறது.

போஸ்ட்கிரெஸ் இயக்கி, முழு எண் அணியை ஜாவாவின் ‘இன்டிஜர்’ அணியாகத் தரும். 5 இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்ற விடை சரியாக வரும். ஆரக்கிள் இயக்கியோ, எண்களின் பட்டியலைப் பொதுவாக ‘பிக்டெசிமல்’ என்ற வகையின் அணியாகத் தரும். நம் கண்ணுக்கு இரண்டும் 5 தான். ஜாவாவின் ‘ஈக்குவல்ஸ்’ ஒப்பீட்டுக்கோ அவை வேறு வேறு. இரண்டு வகைகளும் ஒன்றாக இல்லாததால், ‘பிக்டெசிமல்’ 5, ‘இன்டிஜர்’ 5க்குச் சமமாகாது. எனவே, பட்டியலில் 5 இருந்தும், “இல்லை” என்று நிரல் சொல்லும். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையின் தட்டில் கடலைச் சட்டினி விழும்.

‘பிக்டெசிமல்’ வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதே ‘ஈக்குவல்ஸ்’ ஒப்பீட்டில் 2.0 என்பதும் 2.00 என்பதும் சமமல்ல. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விலைப் பட்டியலையோ மதிப்பெண் பட்டியலையோ ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

ஜாவாவுக்குள்ளேயும் ஒரு பொறி இருக்கிறது. ‘அரேஸ் டாட் ஆஸ்லிஸ்ட்’ என்ற வழிமுறை அணியைப் பட்டியலாக மாற்றும் என்று எல்லாரும் படித்திருப்பீர்கள். ‘இன்டிஜர்’ அணியைக் கொடுத்தால் அப்படியே மாற்றும். ஆனால், அடிப்படை வகையான ‘இன்ட்’ அணியைக் கொடுத்தால், முழு அணியையும் ஒரே உறுப்பாகக் கொண்ட பட்டியலைத்தான் தரும். ஐந்து எண்கள் போட்டிருப்பீர்கள்; பட்டியலின் நீளம் 1 என்று வரும்.

எண்ணிக்கை தொடங்கும் இடமும் வேறுபடுகிறது. ஜாவா அணியில் முதல் உறுப்பின் வரிசை எண் 0. ஜேடிபிசி அணியின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது முதல் உறுப்பின் எண் 1. போஸ்ட்கிரெஸும் வழக்கமாக 1இல்தான் தொடங்கும். ஆனால், 0 முதல் தொடங்கும் அணியையும் மைனஸ் எண்ணில் தொடங்கும் அணியையும் அது ஏற்றுக்கொள்ளும். “முதல் உறுப்பைக் கொடு” என்பதற்கே இத்தனை விளக்கம் வேண்டியிருக்கிறது.

‘இல்லை’ என்பதிலும் மூன்று வகை

என்னைக் கேட்டால், அணி விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி, “ஒன்றுமில்லை என்பதை எப்படிச் சொல்வது?” என்பதே.

முகாம் செயலிக்கே வருவோம். ஒரு பிள்ளையின் ஒவ்வாமைக் கட்டம் மூன்று விதமாகக் காலியாக இருக்கலாம். ஒன்று, கட்டத்தில் ‘நல்’ மதிப்பு இருக்கிறது. பெற்றோரிடம் இன்னும் கேட்கவில்லை என்று பொருள். இரண்டு, வெற்று அணி இருக்கிறது. கேட்டோம், எந்த ஒவ்வாமையும் இல்லை என்றார்கள் என்று பொருள். மூன்று, அணியில் ஓர் உறுப்பு இருக்கிறது, அந்த உறுப்பே ‘நல்’. ஏதோ ஒவ்வாமை உண்டு, எது என்று சரியாகப் பதிவாகவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் என்ன ஆகும்? கேட்கவே படாத பிள்ளை, “ஒவ்வாமை இல்லாத பிள்ளை” ஆகிவிடும். தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. மருத்துவமனையிலும் வங்கியிலும் பள்ளியிலும் இந்த வேறுபாடு பெரிய விளைவுகளைத் தரக்கூடியது.

போஸ்ட்கிரெஸ் இம்மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால், அங்கேயும் கவனம் தேவை. வெற்று அணியின் நீளத்தை ‘அரே லெங்த்’ என்று கேட்டால் 0 என்று வராது, ‘நல்’ என்று வரும். 0 வேண்டுமானால் ‘கார்டினாலிட்டி’ என்று கேட்க வேண்டும். இது தெரியாமல், “நீளம் 0 உள்ளவர்களைக் காட்டு” என்று கேட்டால் ஒருவர்கூட வரமாட்டார்.

ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரமே ‘நல்’ என்றுதான் கருதப்படுகிறது. ஆகவே, எழுத்துகளின் பட்டியலில் வெற்று உறுப்பு ஒன்றைப் போட்டு அனுப்பினால், திரும்பி வரும்போது அது வேறொன்றாக இருக்கும். மைஎஸ்க்யூஎல் ஜேசன் வகையில் இன்னொரு விசித்திரம். தரவுத்தளத்தின் ‘நல்’ ஒன்று, ஜேசனுக்குள் எழுதப்படும் ‘நல்’ வேறொன்று. ஒரே கட்டத்தில் இரண்டு வகை ‘நல்’ உட்கார முடியும்.

ஜாவா பக்கத்திலும் இதே கதைதான். ஜாவா 9இல் வந்த ‘லிஸ்ட் டாட் ஆஃப்’ வழிமுறை ‘நல்’ உறுப்புகளை ஏற்காது. உடனே பிழை தரும். பழைய ‘ஆஸ்லிஸ்ட்’ அவற்றை ஏற்கும். கட்டம் முழுவதும் ‘நல்’ ஆக இருந்தால், ‘கெட் அரே’ என்று கேட்கும்போது ‘நல்’ வரும். அதைக் கவனிக்காமல் அடுத்த வழிமுறையை அழைத்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். ‘இன்ட்’ வகையிலோ ‘நல்’ என்பதற்கே இடமில்லை. அதனால் சிலர் 0 என்று போட்டு நிரப்பிவிடுகிறார்கள். 0 என்ற குறியீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தால் கதை கந்தல்.

ஒரே வாசல் போதும்

சிக்கலைச் சொன்னால் மட்டும் போதாது. தீர்வு என்ன? நான் மாணவர்களுக்குச் சொல்வது ஓர் எளிய விதி. இயக்கி தரும் அணி, உங்கள் செயலிக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் குடிநுழைவுச் சோதனையைக் கடக்காமல் ஊருக்குள் நடமாட முடியாது. அதுபோலவே, தரவுத்தளத்திலிருந்து வரும் ஒவ்வோர் அணியும் ஒரு சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு அது சாதாரண ஜாவா பட்டியல். அது போஸ்ட்கிரெஸிலிருந்து வந்ததா, ஆரக்கிளிலிருந்து வந்ததா என்று செயலியின் மற்றப் பகுதிகளுக்குத் தெரியக்கூடாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு சிறு இடைமுகம் போதும். அதில் இரண்டே வழிமுறைகள்: ‘பட்டியலைப் படி’, ‘பட்டியலை எழுது’. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அந்த இடைமுகத்தை நிறைவேற்றும் ஒரு வகுப்பு. போஸ்ட்கிரெஸ் வகுப்பு ‘கிரியேட் அரே ஆஃப்’ வழிமுறையைப் பயன்படுத்தும். ஆரக்கிள் வகுப்பு பெயரிட்ட வகையைப் பயன்படுத்தும். மைஎஸ்க்யூஎல் வகுப்பு ஜேசனாக மாற்றும்.

அந்த வாசலில் ஐந்து வேலைகள் நடக்க வேண்டும்.

முதலாவது, வகை மாற்றம். எண்களாக எது வந்தாலும் ‘நம்பர்’ என்ற பொது வகையாக எடுத்து, நாம் முடிவு செய்த ஒரே வகைக்கு மாற்ற வேண்டும். மேலே சொன்ன நிலக்கடலைத் தவறு இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். இயக்கி தரும் அணியை நேராக ‘ஸ்டிரிங்’ அணி என்றோ ‘இன்டிஜர்’ அணி என்றோ அடித்துச் சொல்லக்கூடாது. சில இயக்கிகள் ‘ஆப்ஜெக்ட்’ அணியைத்தான் தருகின்றன. அப்போது நிரல் ஓடும் நேரத்தில் பிழை வரும்.

இரண்டாவது, ‘இல்லை’ என்பதன் மூன்று வகைகளையும் பிரித்து வைப்பது. ‘நல்’ உறுப்புகள் வரக்கூடாது என்று முடிவு செய்தால், வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். வரலாம் என்று முடிவு செய்தால், அது எந்தப் பொருளில் என்று எழுதி வைக்க வேண்டும். எந்த முடிவானாலும் சரி, முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, நகலெடுப்பது. ஜேடிபிசி அணி என்பது, பொதுவாக அது உருவான பரிவர்த்தனை முடியும் வரைதான் செல்லுபடியாகும். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு செயலி முழுதும் சுற்றினால், இணைப்பு மூடிய பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. எனவே, உடனே சொந்தப் பட்டியலாக நகலெடுத்துவிட்டு, ‘ஃப்ரீ’ என்ற வழிமுறையால் மூல அணியை விடுவித்துவிட வேண்டும்.

நான்காவது, வகைப் பெயரை ஒரே இடத்தில் வைப்பது. போஸ்ட்கிரெஸில் ‘டெக்ஸ்ட்’ அணி நெடுவரிசையோடு ‘வார்சார்’ அணியை ‘உள்ளடக்கியதா’ என்று ஒப்பிடச் சொன்னால், அப்படி ஓர் ஒப்பீடு இல்லை என்று பிழை வரும். தனி மதிப்பாக இருக்கும்போது இவ்விரு வகைகளும் நண்பர்களைப் போல நடந்துகொள்கின்றன. அணியாகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

ஐந்தாவது, அணியை எழுத்துச்சரமாக ஒட்டி அனுப்பாமல் இருப்பது. போஸ்ட்கிரெஸில் நெளி அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி போட்டு எழுதினால் அணியாகிவிடும் என்று கண்டுபிடிக்கும் மாணவர்கள், உடனே கையால் ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு முகவரிக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் ஓர் உறுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். வேண்டுமென்றே தீய வரிகளைப் புகுத்துபவருக்கும் அது கதவைத் திறந்து வைத்ததாகும். அளவுருவாக அனுப்புங்கள், மேற்கோள் குறி, காற்புள்ளிக் கவலைகளை இயக்கி பார்த்துக்கொள்ளும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பட்டியல்களையும் அணியாக வைக்க வேண்டியதில்லை.

1970ஆம் ஆண்டில் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தொடர்புசார் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டார். ஒரு கட்டத்துக்குள் பிரிக்க முடியாத ஒரே மதிப்புதான் இருக்க வேண்டும் என்ற முதல் இயல்பாக்க விதி அந்தச் சிந்தனையிலிருந்து வந்தது. பல மதிப்புகள் இருந்தால், தனி அட்டவணை போட வேண்டும். ஒரு மதிப்புக்கு ஒரு வரிசை. இந்த அணுகுமுறை எல்லாத் தரவுத்தளத்திலும், எல்லா இயக்கியிலும் ஒரே மாதிரி ஓடும். இயக்கி வேறுபாடு என்ற பேச்சே எழாது.

அப்படியானால் எதை எப்போது தேர்வு செய்வது? ஒவ்வோர் உறுப்பையும் வேறோர் அட்டவணையோடு இணைக்க வேண்டுமா, உறுப்போடு தேதியோ குறிப்போ சேர்க்க வேண்டுமா, உறுப்புகளைத் தேடுவதுதான் முக்கிய வேலையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தனி அட்டவணைதான் நல்லது. பட்டியல் முழுவதையும் ஒன்றாக எழுதி, ஒன்றாகப் படிப்பது மட்டும்தான் வேலை என்றால் அணி வசதியானது. தனி அட்டவணையில் வரிசை முறை தானாக நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம். எது முதல், எது இரண்டாவது என்பது முக்கியமென்றால், அதற்கு ஒரு நெடுவரிசை வைத்து, அதன்படி வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும்.

என் முகாம் எடுத்துக்காட்டையே இந்தக் கேள்விகளால் சோதித்தால், ஒவ்வாமைகளைத் தனி அட்டவணையில் வைப்பதே சிறந்தது என்ற முடிவுக்குத்தான் நான் வருவேன். ஒவ்வாமையின் கடுமை என்ன, எப்போது உறுதி செய்யப்பட்டது என்று பிற்பாடு சேர்க்க வேண்டிவரும். “கேட்டோமா, இல்லையா” என்பதையும் தனிக் கட்டமாக வைத்துவிடலாம். ஆனால், வேலைக்குச் சேரும் இளையருக்குப் பல நேரங்களில் இந்தத் தெரிவு கிடைப்பதில்லை. ஏற்கெனவே யாரோ அணியாக வைத்துவிட்ட தரவுத்தளத்தோடுதான் அவர் வாழ வேண்டும். அதனால்தான் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மூன்று மறுப்புகள்

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

“எங்கள் நிறுவனம் ஒரே தரவுத்தளத்தைத்தான் பயன்படுத்துகிறது, பல இயக்கிகளைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்பது முதல் மறுப்பு. உண்மையில் ஒரே தரவுத்தளம் என்று சொல்பவர்களிடமும் பெரும்பாலும் இரண்டு இருக்கும். வேலைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. வேகமாக ஓடும் என்பதற்காகச் சோதனைகளை எச்2 போன்ற சிறிய தரவுத்தளத்தில் ஓட்டுவது பரவலான பழக்கம். அந்த எச்2வின் 1.4 பதிப்பு வரிசை, அணியை ‘ஆப்ஜெக்ட்’ அணியாகவே கருதியது. 2021இல் வந்த 2.0 பதிப்பில் அணிக்கு உறுப்பு வகையும் தேவை என்று விதி மாறியது. ஆக, சோதனையில் தேறிய நிரல் வேலையில் விழலாம். பதிப்பு மாறினாலும் விழலாம். போஸ்ட்கிரெஸ் ஒன்றுக்கே ஜேடிபிசி இயக்கியும் உண்டு, ‘ஆர்2டிபிசி’ என்ற புதிய வகை இயக்கியும் உண்டு. இரண்டாவதில் ஜேடிபிசி அணி என்ற பொருளே கிடையாது. ஜாவா அணி நேராகக் கைக்கு வரும்.

“ஹைபர்நேட் போன்ற கருவிகள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுமே” என்பது இரண்டாவது. ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஹைபர்நேட் 6 வரிசையில் அணிகளுக்கான ஆதரவு வெகுவாக வளர்ந்திருக்கிறது. அணி வகை இல்லாத தரவுத்தளத்தில் அது வேறு வகையில் சேமித்துக்கொள்ளும். அதை நான் வரவேற்கிறேன். ஆனால், ‘நல்’ என்றால் கேட்கவில்லை, வெற்று என்றால் இல்லை என்ற பொருளை எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. அது உங்கள் பயனாளரின் வாழ்க்கையிலிருந்து வரும் முடிவு.

“செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நிரலை எழுதித் தந்துவிடுமே” என்பது மூன்றாவது, இப்போது அதிகம் கேட்கும் மறுப்பு. தரும். நீங்கள் எந்த இயக்கி, எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால், ஏதோ ஒரு தரவுத்தளத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தரும். சரியான கேள்வியைக் கேட்பதற்கும், வந்த விடையைச் சோதிப்பதற்கும் மேலே சொன்னவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்

பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகம் என எங்கே படித்தாலும், தரவுத்தளத் திட்டப்பணியில் ஒரு சிறிய நிபந்தனையைச் சேர்க்கலாம் என்பது என் பரிந்துரை. செயலி முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு பட்டியலை மட்டும் இரண்டு தரவுத்தளங்களில் எழுதி, இரண்டிலிருந்தும் படித்து, ஒரே விடை வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குச் சில மதிப்பெண்கள் கொடுத்தால் போதும். பாடநூலின் பல பக்கங்கள் சொல்லாததை அந்த ஒரு பயிற்சி சொல்லித் தரும்.

ஆசிரியர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொந்த மடிக்கணினியிலேயே செய்து பார்க்கலாம். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல் சமூகப் பதிப்பும் இலவசம். ‘டாக்கர்’ இருந்தால், ‘டெஸ்ட்கன்டெய்னர்ஸ்’ என்ற நிரலகம் சோதனை ஓடும் நேரத்துக்கு மட்டும் உண்மையான தரவுத்தளத்தையே எழுப்பித் தரும். போலித் தரவுத்தளத்தில் சோதிக்க வேண்டிய கட்டாயம் இன்று இல்லை.

சோதனைக்கு எட்டுப் பட்டியல்களை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பட்டியல், ஒரே உறுப்புள்ள பட்டியல், வெற்றுப் பட்டியல், ‘நல்’, நடுவில் ‘நல்’ உறுப்புள்ள பட்டியல், ஒரே மதிப்பு இருமுறை வரும் பட்டியல், காற்புள்ளி, மேற்கோள் குறி, நெளி அடைப்புக்குறி உள்ள எழுத்துகளின் பட்டியல், கடைசியாக, தமிழ்ப் பெயர்களின் பட்டியல். எட்டையும் எழுதிப் படியுங்கள். போட்டதே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில், ஏன் வரவில்லை என்று எழுதி வையுங்கள். வேலை நேர்காணலில், “நீங்கள் சந்தித்த ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், அந்தக் குறிப்பே உங்களுக்காகப் பேசும்.

நம் இளையர்கள் கண்ணைக் கவரும் செயலிகளைச் செய்கிறார்கள். அதில் எனக்கும் பெருமைதான். அத்துடன், திரைக்குப் பின்னால் தகவல் மாறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பொறுமையும் சேர வேண்டும். ஒரு தாய் படிவத்தில் நிரப்பிய ‘நிலக்கடலை’ என்ற சொல், எந்தத் தரவுத்தளத்தில் தங்கினாலும், எந்த இயக்கியின் வழியே பயணம் செய்தாலும், சமையற்காரரின் கைக்கு ‘நிலக்கடலை’ என்றே போய்ச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பு, நிரல் எழுதும் நம்முடையது.